பாலிகைக்கு ஊற்றிய தண்ணீர்

கலைமணி கொலை ஒன்றும் செய்துவிடவில்லை. முளைப்பாலிகைக்குத் தண்ணீர் தெளித்தாள், அவ்வளவுதான். ஆனால் தெளித்தவள் புருசனை இழந்தவள். அதுவும் பெற்ற மகள் கல்யாணத்துக்கு வைத்த பாலிகை.

மோகனூர்ப் பக்கம் அவர்கள் வகையறாவில் கல்யாணம் என்றால் மண்கலயங்களில் நவதானியம் விதைத்து இருட்டறையில் வைப்பார்கள். பயிர் தளதளவென்று வந்தால் பெண்ணின் வாழ்வும் அப்படியே. வாடினால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். விதைப்பதும் தண்ணீர் விடுவதும் சுமங்கலி கையால்தான். கலைமணியின் புருசன் வெங்கடாசலம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு போன இடத்தில் செத்துப்போனதால், அவர் அண்ணன் மனைவி அத்தாயி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அத்தாயிக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவளே ஞாபகப்படுத்துவாள்.

அந்த அத்தாயி பட்டு எடுக்க ராசிபுரம் போனவள், அப்படியே பிறந்த வீட்டில் தங்கிவிட்டாள். இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று போனில் சாக்கு. கலைமணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தபோது கலயத்து மண் வெடித்திருந்தது. முளைகள் தலை தொங்கிக் கிடந்தன.

பக்கத்து வீட்டுச் சுமங்கலி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பொழுது சாய்வதற்குள் பாலிகை வாடிய சேதி மாப்பிள்ளை ஜீவாவின் அம்மா நல்லம்மாள் காதுக்குப் போய்விடும். கோயிலில் பூக்கேட்டு, வெள்ளைக்குப் பதில் சிவப்புப் பூ வந்ததற்காக, முன்பே ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்றவள் அவள். கலைமணி கதவைச் சாத்திக்கொண்டு சொம்பை எடுத்தாள்.

பயிர் பிழைத்தது. அவள்தான் பிழைக்கவில்லை. மகள் சத்யபிரியாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் தன் கை பட்டதால்தான் என்று நினைத்தாள். பந்தல் போட்ட அன்று காற்றடித்ததும் அதனால்தான். சோறு இறங்கவில்லை. கடைசியில், திரும்பி வந்த அத்தாயியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டாள்.

“அக்கா, பாலிகைக்கு நாந்தான் தண்ணி ஊத்திப்போட்டேனுங்க.”

அத்தாயி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

“மண்ணு ஈரமா இருந்தப்பவே தெரியும் அம்மிணி,” என்றாள் அத்தாயி, வேறெங்கோ பார்த்தபடி. “நானுந்தான் மறந்துபோட்டேன். ஒருத்தருகிட்டயும் மூச்சு உட்றாத.”

கல்யாணத்தன்று மண்டபமே பாலிகையை மெச்சியது. நல்லம்மாள் ஒரு பட்டுச்சேலையை அத்தாயியின் தோளில் போர்த்தி, கைராசி என்றால் இதுதான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அத்தாயி சிரித்தாள்; கலைமணி நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை. பந்திக் கதவோரம் ஒதுங்கி நின்ற கலைமணிக்கு, நான் வளர்த்ததாக்கும் என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. உடனே அந்தப் பெருமைக்காகவும் கூசினாள்.

தாலி ஏறியதும் சத்யபிரியா மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக அவளிடம்தான் வந்தாள். கலைமணி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மொதல்ல பெரியம்மா கால்ல உழுந்து கும்புடு சாமி.”

சத்யபிரியா கேட்கவில்லை. காலில் விழுந்து, எழுந்திருக்காமல் குனிந்தபடியே இருந்தாள். தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வைத்த பூ இன்னும் வாடவில்லை.

“தலையத் தொட்டுச் சொல்லும்மா.”

நல்லா இரு என்று வாய் சொன்னது. கை வரவில்லை. யாரும் பார்க்காத அறையில் அத்தனை துணிச்சலாய்ச் சொம்பெடுத்த கை, அத்தனை பேர் முன்னால் மகளின் தலைக்கு வரவில்லை. ஜீவா மெல்லத் தோளைத் தொட்டதும் சத்யபிரியா எழுந்தாள். அடுத்தவர் காலில் விழப் போகும்போது ஒருமுறை திரும்பி அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள்.

பாலிகையைத் தொட்டது தப்பா என்று கலைமணிக்கு இன்றுவரை தெரியாது. மகளைத் தொடாதது தப்பு என்று அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது.