குரல் அவருடையதுதான்

1

இந்தக் கதையை நான் வங்கியில் ஒட்டுக்கேட்டேன். தொலைந்துபோன ஏடிஎம் அட்டைக்காக டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது, புகார் மேசையில் ஒரு பெண் சொன்னாள்: "குரல் அவரோடதுதாங்க. ஆனா பேசினது அவர் இல்ல." அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த நாற்காலி காலி. ஆகவே மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில்" என்று தொடங்கி, அதோடு நிறுத்திவிட்டேன். திகிலுக்காக மழையை வாடகைக்கு எடுப்பதா?

"அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரே பேருந்து ஏறியது, அப்படிப்பட்ட..." என்று இன்னொரு தொடக்கம். அதுவும் வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். அந்தப் பெண்ணின் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று வாங்க, மனைவி துணி தைத்துச் சேர்த்த பணம் அவர் கணக்கில் இருந்தது. யாரோ வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லி அதை முன்பின் தெரியாத கணக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

(குரலுக்காகச் சேர்த்ததைக் குரலே கொண்டுபோயிற்று என்பது கொஞ்சம் ஜோடனையாக இருக்கிறது. எனக்கும் உறுத்துகிறது. அந்த வரியை அடிக்கப் போய், மனம் வராமல் விட்டுவிட்டேன்.)

3

"குரல் அடையாளம் பொருந்தியிருக்கு அக்கா. சிஸ்டம் ஏத்துக்கிட்டுச்சு" என்றாள் புகார் அதிகாரி.

"எப்படிம்மா? இவரால 'ஊம்'னுகூடச் சொல்ல முடியாதே!"

அறிவிப்பாளர் காலரை விலக்கிக் கழுத்துத் துளையைக் காட்டினார். அதிகாரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்பல்லாம் மெஷினை வச்சே யார் குரலையும் செஞ்சுடறாங்க. அந்த ஃபோன் பதிவை, அவர் குரல் தெரிஞ்ச நீங்க கேட்டுட்டு, இது அவர் குரல் இல்லன்னு கையெழுத்துப் போட்டா பணம் திரும்பக் கிடைக்கும். அவர் குரல்தான்னு சொல்லிட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

பதிவை ஓடவிட்டாள்.

"வணக்கம்மா" என்றது குரல். கனிந்து, அவசரமில்லாமல். பதிவில் வங்கிப் பெண் ஒருத்தி கேட்டாள்:

"பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா சார்?"

"யாருமில்ல. அலாரம் குளிக்கப் போயிருக்கு." குரல் சிரித்தது. "அது வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க."

பின்னணியில் தண்ணீர் விழும் சத்தம்.

அலாரம் என்பது அவளுக்கு அவர் வைத்த பெயர். விடிந்ததும் கத்தி எழுப்புவாளே, அதனால். படுக்கையறைக்கு வெளியே ஒருவரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு வருடமாக அவளும்தான் கேட்கவில்லை.

4

இங்கே எனக்கு அறிவிப்பாளர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவர் முகத்தை எழுதிப் பார்த்தேன். "அவர் அதிர்ந்துபோய்..." இல்லை. "அவர் கண்கள் கலங்கி..." அதுவும் இல்லை.

அவருடைய உதடுகள் பதிவோடு சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நொடி முன்னதாக.

(இதை எழுதிவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன். திறந்திருந்ததில் தப்பொன்றும் இல்லைதான்.)

"சொல்லுங்க அக்கா. இது அவர் குரலா?"

அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலை உயர்த்தினார்.

"இன்னொரு தடவை போடச் சொல்றார்" என்றாள் அவள். கேட்க ஆசைப்பட்டது தானும்தான் என்பதை அவள் சொல்லவில்லை.

5

முடிவு, ஒருவிதமாக: இல்லை என்று கையெழுத்துப் போடுகிறாள். பணம் வருகிறது, கருவி வருகிறது. தகரக் குரலில் அவர் பேசும் முதல் வாக்கியம்: "ஏன் இல்லன்னு சொன்ன?"

இன்னொருவிதமாக: அவர் குரல்தான் என்கிறாள். பணம் போனது போனதுதான். அதன்பின் தினமும் குளிக்கும்போது கதவை ஒருக்களித்து வைத்து, குழாயைச் சன்னமாகத் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டையும் எழுதி முடித்து, எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புகார் மேசைத் தொலைபேசி அடித்தது. சத்தியமாக, அதை நான் அடிக்கவைக்கவில்லை.

அதிகாரி எடுத்தாள். கேட்டாள். ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அக்கா... அதே குரல். உங்ககிட்டப் பேசணுமாம்."

பக்கத்தில் குரலில்லாமல் உட்கார்ந்திருந்தவரை மூவரில் இருவர் பார்த்தார்கள். அவர் கையை நீட்டிவிட்டார். அவளும் நீட்டிவிட்டாள்.

ரிசீவர் ஒன்றுதான். யாரிடம் கொடுப்பது என்று அதிகாரி என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் கொடுங்கள்.