கண்ணாயி வீட்டுச் சுவருக்கு ஒரு வினைச்சொல்

1

இந்தக் கதை எனக்கு ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டைக்குப் போகிற ஷேர் ஜீப்பில் கிடைத்தது. நான் போனது புத்தக அலமாரிக்கு அளவு கொடுக்க. அலமாரி செய்யப்போகிறவள் ரூபி. அவளும் அதே ஜீப்பில், நெருப்பு ஊதும் கேஸ் டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்குவதற்குள் தலைச்சோலை என்கிற ஊரில் நடந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். நான் அளவு கொடுக்க மறந்து, கதையோடு வீடு திரும்பினேன்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், ஆனால் எனக்குக் காட்ட வேண்டும் என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. இனி அங்கங்கே அடைப்புக்குறிக்குள் ஒரு குரல் வரும். அது அவளுடையது.

ரூபியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நேரம் இருக்காது. கோயம்புத்தூரில் இன்டீரியர் டிசைன் படித்து, அங்கேயே பிளைவுட்டும் மைக்காவும் ஒட்டி ஒட்டிச் சலித்து, மலையேறி வந்து பட்டறை போட்டவள். எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு நிழலுக்காக நட்ட சில்வர் ஓக்கை வெட்டும்போது வாங்குவாள். பலகையாக அறுத்து, அதன் முகத்தில் நெருப்பைக் காட்டி, மேல்தோல் கறுத்து வெடிக்கும்வரை விடுவாள். பிறகு தண்ணீர், கம்பி பிரஷ், எண்ணெய். அந்தப் பலகை மழைக்கும் பனிக்கும் சட்டென்று அசையாது என்பாள். பார்க்கவும் அழகு. வாயும் அவளுக்குக் கொஞ்சம் அதிகம்.

(கொஞ்சமுங்களா? நன்றிங்க அக்கா.)

2

முதல் வரி எழுதினேன்: 'எரிந்த மரத்தால் வீடுகளை அழகாக்குகிறாள் ரூபி.' படித்துப் பார்த்தால் சுடுகாட்டு வாடை. அடித்தேன்.

'கருகிய பலகைகளை அவள்—' கருகுவது தோசை. வேண்டாம்.

'தீய்ந்த' என்று போட்டால் வாசகர்களில் பாதிப்பேர் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். 'பொசுங்கிய' என்றால் தலைமுடி. 'வெந்த மர—' சே, கிழங்கா அது?

எனக்குக் கோபம் வந்தது. சோற்றுக்கும் சட்டிக்கும் மனசுக்கும் தனித்தனியாக நெருப்பு வைத்திருக்கிற மொழியில், ஒரு பலகைக்கு வினைச்சொல் இல்லையா? இந்த வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதையே போட்டுவிடேன் என்றார் ஒரு நண்பர். போடலாம். மலையில் அந்தப் பெயரைச் சொன்னால் காய்ச்சல் மாத்திரையா என்று கேட்பார்கள். முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு நடந்ததற்குப் போகிறேன்.

3

கண்ணாயி தலைச்சோலைக்காரர். காப்பியும் மிளகும் போட்டு, புது வீடு கட்டி, மாடியில் டூரிஸ்டுகளுக்கு என்று அறையும் ஒதுக்கியவர். மகன் ஜெயபிரகாஷ் ரூபியின் வேலையைப் போனில் பார்த்து மயங்கி, வீட்டின் முன்சுவர் முழுக்க அந்தப் பலகைதான் வேண்டும் என்றான். அம்மா அப்போது மிளகு பறிக்கிற மும்முரத்தில் இருந்தார். உன் இஷ்டம் என்றார்.

ரூபிக்கு அதுவரை வந்த வேலையெல்லாம் ஸ்டூலும் பெயர்ப்பலகையும்தான். ஒரு வீட்டின் முகத்தையே கொடுத்தது இதுதான் முதல் தடவை. நன்றாக வந்தால் மலை முழுக்கப் பேசும். ஊத்திக்கொண்டால் பட்டறையை மூடிவிட்டு மறுபடியும் மைக்கா ஒட்டப் போக வேண்டியதுதான்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலையில் கடைசிப் பலகைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நல்ல மூடுபனி. பஸ்ஸில் போன யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பனிக்குள் கன்னங்கரேல் என்று ஒரு வீடு. அவர் போன் போட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணாயி ஊடு எரிஞ்சு போச்சுங்க."

பஸ் ஏற்காடு போய்ச் சேரும் முன்னே அந்தச் செய்தி கண்ணாயி பிறந்த ஊரான கரடியூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

மதியத்துக்குள் ஜீப் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டைத் தீக்குக் கொடுத்தவர்களுக்குக் கொண்டுபோகிற மாதிரியே அரிசி மூட்டை, அண்டா, பாய், கண்ணாயி கட்டிக்கொள்ள சந்தனக் கலரில் ஒரு புதுச் சேலை. ஒரு பெரியம்மா வளைவு திரும்பும்போதே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாராம். கண்ணாயியின் அண்ணன் சின்னன், தோளில் மூட்டையோடு வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். கூரை இருக்கிறது. கதவு இருக்கிறது. கதவில் மாவிலைத் தோரணம்கூட இருக்கிறது.

"ஏங் கண்ணு, மூஞ்சி மட்டுந்தான் எரிஞ்சுதா?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்.

4

கண்ணாயிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நாளைக்கு விளக்கேற்றப்போகிற வீட்டு வாசலில் இன்றைக்கு ஒப்பாரி. அந்தப் பெரியம்மாவோ ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்த முடியாமல் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். கண்ணாயி ரூபியைக் கூப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் ஒரு பலகை மிச்சமில்லாமல் பேர்த்தெடுத்துக்கொண்டு போகச் சொன்னார். எரிந்த கட்டையைச் சுவரில் அடித்தவள் என்று ஊர் பேசினால் அது உன் பாடு என்றும் சொன்னார். ஜெயபிரகாஷ் தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

'ரூபியின் கண்களில் நீர் திரண்டது. அவள் மௌனமாக—'

(நான் எங்கீங்க அழுதேன்? எனக்கு வந்தது ஆத்திரம். அதை எழுதுங்க.)

சரி, ஆத்திரம். நான் எழுதியிருந்த அழுகையைப் படித்த எரிச்சலில்தான், ஜீப்பில் 'செங்கல்லைக் காட்டி நாலு வார்த்தை பேசினேன்' என்று தாண்டிப்போனவள், அந்த நாலு வார்த்தையையும் முழுசாகச் சொன்னாள்.

கட்டடம் முடிந்து மிஞ்சிய செங்கல் வாசலோரம் அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துக் கண்ணாயிக்கு முன்னால் நீட்டினாள்.

"இதும் தீயில கெடந்ததுதானுங்கம்மா. இதை எரிஞ்ச கல்லுன்னா சொல்றீங்க? சுட்ட கல்லுங்கறீங்க. சுடாத பச்சைக் கல்லுல ஊடு கட்டுனா ஒரு மழை தாங்குங்களா? நான் உங்க ஊட்டை எரிக்கலீங்க. மரத்தைச் சுட்டிருக்கறேன்."

பேனாவைக் கீழே போட்டேன். சுட்ட மரம்! எவ்வளவு சாதாரணமான சொல். சட்டியைச் சுடுகிறோம், அப்பத்தைச் சுடுகிறோம், சுண்ணாம்புக்குக் கல்லைச் சுடுகிறோம். தீ அழித்தால் எரிந்தது. தீ ஆக்கினால் சுட்டது. இத்தனை புத்தகம் வாங்கி அடுக்கி என்ன பிரயோஜனம் எனக்கு?*

* சுட்டது என்றால் திருடியது என்றும் இப்போது பொருள். அந்த வகையில் இந்தக் கதையும் சுட்ட கதைதான்.

5

ஆனால் கண்ணாயி என்னைப் போலச் சொல்லுக்கு மயங்குகிற ஆள் இல்லை. பேச்செல்லாம் இருக்கட்டும், கரி ஒட்டுமா ஒட்டாதா என்றார். தன்மேல் இரக்கப்பட்டுக் கொண்டுவந்த அந்தப் புதுச் சேலையை வாங்கி, முந்தானையைத் தண்ணீரில் முக்கினார். இதில் கறுப்பு ஏறினால் பலகை இறங்கும், அவ்வளவுதான்.

இங்கே எனக்கு முன்னால் பல முடிவுகள் இருந்தன. முதலில் கறை ஏறுவதாகத்தான் எழுதினேன். தோற்றவர்களைப் பற்றி எழுதினால்தான் நம் ஆட்கள் 'ஆழம்' என்பார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு, பனி கவிந்த மலைப்பாதையில் ரூபி தன்னந்தனியாக இறங்கி—

(நான் எதுக்குங்க எறங்கோணும்?)

எதற்கும் இறங்க வேண்டாம். கிழித்தாயிற்று. அடுத்ததில் எல்லோரும் கைதட்டினார்கள். மலையில் யார் அப்படிக் கைதட்டுகிறார்கள்? அதையும் கிழித்தேன். நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

கண்ணாயி கை வைத்தது நிலைக்கதவை ஒட்டிய பலகையில். அன்றைக்குக் காலையில்தான் அதற்கு எண்ணெய் வைத்திருந்தாள், பனியில் சரியாகக் காயக்கூட இல்லை. ரூபிக்கு அது தெரியும். "அதுக்கு இன்னைக்குத்தானுங்க எண்ணெய் வெச்சேன்," என்றாள். கண்ணாயி கையை எடுக்கப் போனார். "எடுக்காதீங்க. அதுலயே தேய்ங்க."

காய்ந்த பலகையைக் காட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

(அது ஒட்டுச்சுன்னா நாளைக்கு வர்ற எல்லாத்து சேலையிலயும் ஒட்டுமுங்களே அக்கா. தளர்ந்த கரி அத்தனையும் போற வரைக்கும் பிரஷ் போட்ட கை இது.)

கண்ணாயி தேய்த்தார். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற தேய்ப்பு. பெரியம்மா பாட்டை நிறுத்தினார். பலகை நனைய நனைய, கறுப்புக்குள்ளிருந்து சில்வர் ஓக்கின் வரிகள் அலையலையாக எழுந்து மின்னின. கண்ணாயி முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் ஈரம் இருந்தது. கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய் அந்த வரிகளை விரலால் தடவினார். அப்புறம் சேலையை விரித்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் காட்டினார்.

"எரியலீங்ணா. சுட்டிருக்குது. நொம்ப வெவரமாச் சுட்டிருக்குது."

இந்த வரியை எழுதும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. என் கதையில் ஒருத்தி ஜெயித்துவிட்டாள், நானும் அவளைத் தடுக்கவில்லை.

6

வீடு எரிந்ததற்கு வந்த அரிசி அன்றைக்கே அந்த அண்டாவில் சோறாகியது. பாயெல்லாம் வாசலில் விரிந்தது. பெரியம்மா கறுப்புச் சுவருக்கு முன்னால் நின்று, ஜெயபிரகாஷை விட்டு விதவிதமாகப் போட்டோ எடுக்கச் சொன்னார். நாளைக்கு மறுபடி வர எதற்கு அலைச்சல் என்று எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ரூபிக்கு இலையில் இரண்டாவது தடவையும் கண்ணாயியே பரிமாறினார்.

சின்னன் மட்டும் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுச் சுவரோரமாகவே நடந்தார். ஒவ்வொரு பலகையையும் தடவி, ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பலகைவரை போய்த் திரும்பி வந்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ரூபியிடம் சொன்னார்:

"சாமி, கரடியூருக்கு எப்ப வர்ற? எங்க ஊட்டையும் சுட்டுக் குடுத்துரு."

ரூபி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத உட்காரும்போதெல்லாம் சிரிப்பு வந்து கை நின்றுவிடுகிறது. அதனால் அதை உங்களிடம் விடுகிறேன். இப்போது நீங்கள்தான் ரூபி. எதிரே ஒரு பெரிய மனிதர் தன் வீட்டைச் சுடச் சொல்லிக் காத்திருக்கிறார். வாசல் நிறைய ஆட்கள் உங்கள் வாயையே பார்க்கிறார்கள். சொல்லுங்கள்.