மாதா பெயருக்காக வெட்டிய மூலை

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஜெமிமா வீட்டுக்குப் போகவில்லை. திரேஸ்புரம் கரையில் இழுத்துப் போட்டிருந்த அண்ணன் பிரைட்டனின் வள்ளத்தைப் பார்க்கப் போனாள். ஒரு மாதமாக இன்று நாளை என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

எஞ்சின் நின்றுபோய் இருட்டில் மிதந்த வள்ளத்தின் பின்பக்கத்தில் விசைப்படகு ஒன்று மோதி பிரைட்டன் இறந்துபோனான். கூட இருந்த வளன் நீந்திப் பிழைத்தான். "லைட்டு சுவிட்ச அமுக்கி அமுக்கிப் பாத்தான். எரியவே இல்ல" என்று வந்து சொன்னவன் அவன்தான். அந்த லைட்டைக் கொடுத்தவள் ஜெமிமா.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. கரிமப் பொருளைக் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் மை மாதிரி பூசி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது. அப்படி ஒரு தாளை நான்கு மாதத்துக்கு முன்னால் வள்ளத்தின் முன்தட்டில் ஒட்டி, ஒரு பேட்டரியும் லைட்டும் மாட்டிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு அண்ணன் மனைவி பிலோமி தாளைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள கரண்டு எங்கனளா இருக்கு?"

கேட்க ஆள் கிடைத்தால் ஜெமிமாவை நிறுத்த முடியாது. "வெளிச்சம் பட்டதும் உள்ள ஒரு எலக்ட்ரான் துள்ளி எந்திரிக்கும் மைனி. அது இருந்த எடம் காலியாயிரும். ஆனா ரெண்டும் ஒண்ண ஒண்ணு விடாது, சோடியாவே அலையும். இதுல ரெண்டு பொருள் கலந்திருக்கு. ரெண்டும் தொடுத எல்லைக்கு அந்த சோடி வந்தாத்தான் பிரியும். எலக்ட்ரான் ஒரு பக்கம், காலி எடம் ஒரு பக்கம். அதான் கரண்டு. நேரத்துக்கு வந்து சேரலன்னா திரும்ப ஒண்ணாயிரும். பட்ட வெளிச்சம் வீணாப் போயிரும்."

"ஏ ஆத்தாடி! சோடியப் பிரிக்கதுக்கா இத்தன வருசம் படிச்ச?"

பிரைட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

படித்தவர்கள் லட்சணம் இதுதான். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், கையிலிருக்கும் தாளை என்ன செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். காற்றுப் புகாமல் ஓரம் அடைத்த தாளை வெட்டக் கூடாது என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தத் தாளின் ஒரு மூலை இல்லை. கத்தரிக்கோலால் வளைவாக, அழகாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் 'பனிமய மாதா துணை' என்று வள்ளத்தில் எழுதியிருந்ததில் மாதாவின் பெயர் முழுசாகத் தெரிந்தது. அந்தக் கரையில் மாதா பெயரை மறைத்து வலையைக்கூடப் போடமாட்டார்கள். வெட்டின வழியாக உப்புக் காற்று புகுந்து, உள்ளே மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் வெள்ளிப் பூச்சு தாள் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. வெயில் பட்டிருக்கும். உள்ளே சோடிகள் பிறந்திருக்கும், பிரிந்தும் இருக்கும். வெளியே வர வழியில்லாமல் அத்தனையும் அங்கேயே மறுபடி சேர்ந்து அணைந்திருக்கும். ஜெமிமா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்துட்டியா?"

பின்னால் பிலோமி நின்றாள். பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, ஒரு மாதமாகத் தூங்காத கண்.

"பழைய டார்ச்ச எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். தங்கச்சி லைட்டு இருக்குன்னுட்டுப் போனாரு." வெட்டிய ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு குரல் இறங்கியது. "ஏளா, அந்த மூலைய வெட்டுனது நான். மாதா பேர மறைக்குதேன்னு வெட்டிட்டேன். பெறவு ஒரு வாரம் நல்லாத்தான் எரிஞ்சிச்சு. அதுனாலயா எரியாமப் போச்சு? சத்தியமாச் சொல்லு."

ஆமாம் என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையோடு பிலோமி எத்தனை நாள் உயிரோடிருப்பாள் என்பதுதான் ஜெமிமாவுக்குப் பயமாக இருந்தது.

"இல்ல மைனி. அது சும்மா ஓரம். அதுல ஒண்ணுமே கெடையாது. நான் பூசுனதே சரியில்ல. சரியாச் சோதிக்காமக் கொண்டாந்து ஒட்டிட்டேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

பிலோமி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டாள். முப்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய மைனி இல்லை.

"அப்ப நீதான்."

"ஆமா மைனி."

"எம் மூஞ்சியில இனி முழிக்காத. நான் செத்தாலும் வராத."

ஜெமிமா எழுந்து நடந்தாள். மில்லர்புரத்து வாடகை அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். சாயங்காலம் பிலோமியின் பக்கத்து வீட்டு ஜெப்ஸி போன் பண்ணினாள்.

"என்னக்கா நடந்துச்சு? பிலோமிக்கா ஒங்கள அந்த ஏச்சு ஏசுனாவ. ஏசிட்டு ரெண்டு வாய் சோறு தின்னுட்டு படுத்தாவ. மத்தியானத்துலருந்து அசையாமத் தூங்குதாவ."

"எழுப்பாத" என்றாள் ஜெமிமா.