வாவியில் தங்கிப்போன அறிவித்தல்

தில்லைமுனைக்குச் சூறாவளி எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது சூறாவளி வந்து போய் ஐந்து மாதமாகியிருந்தது. சித்திரை வெயிலில், தென்னோலை கூட அசையாத ஒரு மத்தியானம், வாவியின் மேலிருந்து ஒலிபெருக்கியின் கரகரப்போடு ஓர் ஆணின் குரல் கேட்டது. பொதுமக்களின் கவனத்திற்கு, இன்று பிற்பகல் கடும் சூறாவளி வீசக்கூடும், வாவிக்கரையில் உள்ளவர்கள் உடனடியாக மேட்டுநிலப் பாடசாலைகளுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், அவர்களை ஏற்றிச்செல்ல வள்ளங்களும் பஸ்களும் ஆயத்தமாக உள்ளன என்று அந்தக் குரல் இரண்டு தரம் சொல்லி நின்றது. வாவியில் வள்ளம் ஒன்றும் இருக்கவில்லை. கூரைக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே வானத்தைப் பார்த்தார்கள். வானம் நீலமாக இருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே குரல் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

தில்லைமுனை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்தது. எதிரே எழுவான்கரை, ஆமியின் கையில். இந்தக் கரை இயக்கத்தின் கையில். இரண்டுக்கும் நடுவில் வாவியும், ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி இழுக்கும் ஒரு மிதவையும். அந்த மிதவையைச் சனங்கள் பாதை என்பார்கள். படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்ததால் ஊரில் இருந்த வானொலிகள் எல்லாம் ஊமையாகக் கிடந்தன. எழுபத்தெட்டுச் சூறாவளியைக் கண்ட கிழவர்கள் இருந்தார்கள், ஆனால் அந்தக் கார்த்திகை நாளின் காலை வழக்கமான மாரிக்காலக் காலையாகத்தான் விடிந்தது. வயல் வட்டைக்குப் போகிறவர்கள் வட்டைக்குப் போனார்கள். வசந்தாதேவியின் மகள் ஞானமணி, பதினாறு வயதுப் பெண், கூட்டாளிகளோடு அத்தாங்கு வலை கொண்டு கரையோரச் சேற்றில் இறால் பிடிக்கப் போனாள். பிற்பகல் வாவி எழுந்து ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது ஊரில் பாதி வீடுகள் இல்லை, இறால் பிடிக்கப் போன பெண்களில் ஒருத்தியும் இல்லை.

அரசாங்கம் விசாரித்து, வாவியோரக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி மூலம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகவும், அதைப் பொருட்படுத்தாதவர்களே உயிரிழந்ததாகவும் வானொலியில் சொன்னது. செத்தவர்களின் குடும்பங்களிடம் பற்றரி இல்லாததால், தங்கள் ஆட்கள் பொருட்படுத்தாமல் விட்ட செய்தி அவர்களுக்குப் பல நாள் கழித்தே தெரிந்தது. நிவாரணத்துக்கு, கூரையில் விரிக்கவென்று வந்த தறப்பாள்கள் எழுவான்கரைத் துறையிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இயக்கம் பதுங்குகுழிக்குப் போடும் என்று ஆமி மறித்ததாக, அறிவித்தலுக்கும் நிவாரணத்துக்கும் பொறுப்பான அதிகாரி கனகசூரியம் சொன்னார். தங்களிடம் யாரும் வந்து கேட்கவேயில்லை என்று காவல் சென்றியில் நின்ற சிப்பாய் சொன்னான். இயக்கம்தான் வேண்டாமென்றது என்று மூன்றாவது கதையும் உலாவியது. தறப்பாளுக்குக் கீழே பூனைகள் குட்டி போட்டன.

ஆகவே குரல் வந்தபோது யாரும் அதை அதிசயமாக எடுக்கவில்லை, சூழ்ச்சியாகத்தான் எடுத்தார்கள். சொல்லாததைச் சொன்னதாகக் காட்ட அரசாங்கம் எங்கேயோ ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருக்கிறது என்பது ஊரின் முடிவு. கிராம சேவகரான விதானையார் கோணாமலை, குரல் வரும்போதெல்லாம் யார் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்று கவனித்தார். இயக்கப் பொடியன்கள் வந்து தென்னைகளில் ஏறி வயர் தேடினார்கள். இரண்டு தென்னைகளின் குருத்தை வெட்டிப் பார்த்தார்கள், குருத்துத்தான் இருந்தது. எதிர்க்கரையில் ஆமி இதை இயக்கத்தின் வேலை என்று நினைத்துத் கரையோரத் தில்லைக்காட்டுக்குள் ஷெல் அடித்தது. ஷெல் விழும்போதும் குரல் ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், அமைதியாகப் பாடசாலைக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டது.

வசந்தாதேவிக்கு மட்டும் வேறு சந்தேகம். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். மாமாங்கக் கோயில் திருவிழாவில் காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கும் குரல் அது. ஞானமணிக்கு நாலு வயதிருக்கும்போது சனத்துக்குள் தவறிப்போய், மஞ்சள் சட்டை போட்ட பெண்பிள்ளை ஒன்று தீர்த்தக்குளத்தடியில் அழுதுகொண்டு நிற்கிறது என்று சொல்லி அவளைத் திருப்பிக் கொடுத்ததும் அதே குரல்தான். ஒரு நாள் காலை அவள் பாதை ஏறி மட்டக்களப்புக்குப் போனாள். விசாரித்து விசாரித்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். அறிவிப்பாளர் நல்லரத்தினம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டதற்கு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உள்ளேயிருந்து அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை வந்தாள்.

"அவரிட்டக் கேட்டு வேலையில்லகா. சத்தம் போயிற்று."

"எப்ப போன?"

"சூறாவளி அண்டைக்கு. ஜீப்பில ஏத்திற்றுப் போனாங்க, நனைஞ்சு வந்தார். தண்ணி தா எண்டு கேக்க வாயத் துறந்தார், ஒண்டும் வரல்ல. தொண்டையில நோவில்லயாம், டொக்டர் சொன்னார். என்னத்துக்கு நீங்க கேக்கிறீங்க? ஆரனுப்பின உங்கள?"

"ஒருத்தரும் அனுப்பல்ல. அவர்ர சத்தம் எங்கட ஊரிலதான் இருக்கு. வந்து பாருங்க."

இலட்சுமிப்பிள்ளை கணவரை மறித்து வாசலுக்குக் குறுக்கே நின்றாள். அந்தக் காலத்தில் கூப்பிட்ட இடத்துக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆனால் நல்லரத்தினம் அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் தில்லைமுனைக் கரையில் நின்று தன் குரலைக் கேட்டார். முதல் சொல்லிலேயே அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. பொதுமக்களின் கவனத்திற்கு என்பதிலிருந்து ஆயத்தமாக உள்ளன என்பதுவரை உதடும் குரலும் ஒன்றாகப் போவதை ஊரே பார்த்தது. விதானையார் மட்டும், ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்றார். குரல் நின்ற பிறகும் நல்லரத்தினத்தின் உதடுகள் நிற்கவில்லை. கையை நீட்டி வாவியின் நடுவைக் காட்டி, இன்னும் இருக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டினார். வசந்தாதேவிக்கு விளங்கியது. அதற்கடுத்த நாள் அவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, தானே தோணி வலித்து, குரல் வரும் நேரத்துக்கு நடு வாவியில் போய் நின்றாள். அறிவித்தல் தலைக்கு மேலால் கரையை நோக்கிப் போனது. அதன் பின்னால், ஒலிபெருக்கி இல்லாத சின்னச் சத்தங்கள், கரைவரை போகப் பலமில்லாமல் தண்ணீரின் மேலேயே கிடந்தன. மழை தகரத்தில் விழும் சத்தம். ஒரு ஜீப் இரையும் சத்தம். பிறகு நல்லரத்தினத்தின் குரல், சாதாரணமாக.

"ஐயா, பாதை நிக்குது. அக்கரைக்குப் போய்ச் சொன்னா என்ன?"

"ஆமியிட்டக் கேக்கவேணும்," என்றது இன்னொரு குரல்.

"கேட்டுப் பாப்பமா?"

"தேவையில்ல. அங்கால இருக்கிறது இயக்கத்தின்ர சனம், அவங்க பாத்துக்கொள்ளட்டும். இஞ்ச நிண்டு சொன்னதும் சொன்னதுதானே. ஜீப்பைத் திருப்பு."

அவ்வளவுதான். வசந்தாதேவி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் ஆமியைச் சந்தேகித்திருக்கிறாள், இயக்கத்தைச் சந்தேகித்திருக்கிறாள், அன்று காலையில் போகாதே என்று சொல்லாத தன்னையும் சந்தேகித்திருக்கிறாள். நனையப் பிரியப்படாத ஒரு மனிதனை அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. தோணி காற்றில்லாமல் அப்படியே நின்றது. இலட்சுமிப்பிள்ளைதான் துடுப்பை வாங்கி வலித்தாள்.

ஆனியில் கனகசூரியம் ஐயா தில்லைமுனைக்கு வந்தார். அதுவரை படுவான்கரையில் கால் வைக்காதவர், ஊருக்கே எச்சரிக்கை கேட்கிறதாம் என்று கேள்விப்பட்டு வந்தார். ஆலமரத்தடியில் கதிரை போட்டார்கள். மத்தியானம் குரல் வந்து போனதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"இப்ப கேட்டதா, இல்லையா?"

"கேட்டது ஐயா," என்றார் விதானையார்.

"தெளிவாக் கேட்டதா?"

"தெளிவா."

"அப்ப அறிவிக்கப்பட்டிருக்கு. இனிமேல் சொல்லல்ல எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இரண்டு மாதமாகத் தேடிய பெட்டி இதோ கதிரையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தோன்றியது. வசந்தாதேவி எழுந்தாள். "ஐயா கேட்டது பாதிதான். மிச்சம் வாவிக்குள்ள கிடக்கு. ஐயாவும் ஒருக்கா வந்து கேட்டாத்தானே சரியாச் சொல்லலாம்," என்றாள். சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. அன்று விதானையார் வீட்டில் தங்கி, மறுநாள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தோணியில் ஏறினார். அவருக்கு எதிரே நல்லரத்தினம் உட்கார்ந்தார். நடு வாவியில் அறிவித்தல் கடந்து போனது, மழைச் சத்தம் வந்தது, ஜீப் வந்தது, கனகசூரியத்தின் குரலும் வந்தது. ஜீப்பைத் திருப்பு என்று அது சொன்னபோது கனகசூரியம் திரும்பி எழுவான்கரையைப் பார்த்தார்.

"இது என்ர குரல் இல்ல," என்றார்.

நல்லரத்தினம் அவரைப் பார்த்தபடி இருந்தார்.

"ஓம் ஐயா," என்றாள் வசந்தாதேவி. "நாளைக்கும் வரும். நாளைக்கும் கேட்டுப் பாருங்க. ஆர்ர குரலெண்டு தெரியுமட்டும் கேக்கலாம். அந்தக் குரல் பாத்துக்கொள்ளட்டும் எண்டு விட்ட சனத்தில என்ர புள்ளயும் ஒண்டு."

 கரைக்கு வந்ததும் கனகசூரியம் சப்பாத்தைப் போடாமலேயே பாதைக்கு நடந்தார். அடுத்த கிழமை தறப்பாள்கள் வந்தன, ஒருவரும் மறிக்கவில்லை. எதற்காக இப்போது வருகின்றன என்று சந்தேகப்பட்டு, ஊர் அவற்றை விரித்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்த பிறகே கூரைக்கு ஏற்றியது. பூனைமயிர்தான் இருந்தது. கனகசூரியத்துக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அனர்த்த வேலையில் அனுபவம் உள்ளவர் என்று பதவி உயர்த்திக் கொழும்புக்கு எடுத்தார்கள். நல்லரத்தினமும் இலட்சுமிப்பிள்ளையும் வசந்தாதேவியின் வளவுக்குள்ளேயே ஒரு குடில் போட்டுத் தங்கிவிட்டார்கள். குரலை விட்டுவிட்டு எங்கே போவது என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

வருடங்கள் போயின. கரைகள் கை மாறின, பற்றரிக்குப் போட்ட தடை எடுபட்டு மறுபடியும் வந்து மறுபடியும் எடுபட்டது. பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குரல் பள்ளிக்கூட மணி போலப் பழகியது. பிறகு ஒரு மாரியில், காலைக் கஞ்சிக்கு முன்னமே குரல் வந்தது. மத்தியானக் குரலை விட உரத்து வந்தது. ஊர் வழக்கம்போல முதலில் சந்தேகப்பட்டது. நேரம் மாறி வருவதில் ஏதோ இருக்கிறது என்றார்கள், ஊரைக் கிளப்பி வளவுகளைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். அரசாங்கத்திடமிருந்து ஜீப் எதுவும் வரவில்லை. விதானையார் மேலிடத்துச் சொல்லுக்குக் காத்திருக்கலாம் என்றார். வசந்தாதேவி பேசாமல் ஆட்டுக்குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் உதடுகள் அசைந்தபடி நல்லரத்தினம் நடந்தார். பிறகு இறால் பிடிக்கப் போக நின்ற பெண்கள் அத்தாங்கைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்கள். கடைசியாக விதானையாரும் நடந்தார். பிற்பகல் வாவி எழுந்து வந்தது, வீடுகளுக்குள் ஆளில்லாமல் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. ஓர் உயிர் போகவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூட விறாந்தையில் யாரோ வானொலியைப் போட்டார்கள். அதிகாரிகள் தக்க தருணத்தில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்ததால் படுவான்கரை மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர் என்றது செய்தி.

"பச்சைப் பொய்," என்றார் விதானையார்.

"பொய்யில்ல விதானையார்," என்றாள் வசந்தாதேவி. "அவங்க சொன்னதுதான் இது. வந்து சேரக் கொஞ்சம் பிந்திற்று."

மத்தியானமானது. வாவியின் மேல் குரல் வந்து வழக்கமான அளவில் இரண்டு தரம் சொல்லி நின்றது. பெண்கள் உலையை இறக்கி, பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிட்டார்கள்.