இருநூறு மீற்றரில் ஐந்தாவது குண்டு

11 ஒக்டோபர் 1996, வெள்ளி. பிற்பகல் இரண்டு மணி.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. தொலைநோக்கியின் குழாயில் 8x56 என்று பொறித்திருந்தது. அதில் ஐம்பத்தாறை உருப்பெருக்கம் என்று எழுதிவிட்டேன். எட்டுத்தான் உருப்பெருக்கம். ஐம்பத்தாறு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். ஐம்பத்தாறு மடங்கு பெருக்கினால் மலையாட்டின் மூக்கில் இருக்கும் ஈ தெரியும், ஆடு தெரியாது. கோடிட்டுத் திருத்திவிட்டேன்.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலம் முழுக்கச் செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்புக்குப் போனேன். ஊர் உணவகத்தின் பின்னறையில், வேட்டைத் தேர்வுக்கான வகுப்பு. பதினாறு பேரில் பதினைந்து பேர் தென்ஜேர்மனியின் இந்த அல்காய் மலைப்பக்கத்துக்காரர், ஒருவன் மன்னாரான். கொப்பியின் முன்பக்கத்திலிருந்து ஜேர்மனில் பாடக்குறிப்பு எழுதினேன். பின்பக்கத்திலிருந்து தமிழில் அன்றன்று நடந்தது. மே மாதம் தேர்வு முடிந்தது. பின்பக்கத்துப் பழக்கம் முடியவில்லை.

இந்த வாரம் நடந்ததைக் கதையாக எழுதினால் ஒழுங்காக யோசிக்கலாம் என்று நினைத்தேன். மூன்று தொடக்கம் எழுதினேன்.

முதலாவது: "நான் துவக்கைத் தூக்கித் தோளில் வை"

அங்கேயே நின்றுவிட்டது. இதே வாக்கியத்தை ஜேர்மனில் முப்பது தடவையாவது எழுதியிருப்பேன், ஒன்றும் செய்யவில்லை. தமிழில் எழுதினால் மன்னார்ப் பாலத்துச் சோதனைச்சாவடி வந்து நிற்கிறது. அங்கே நான் நின்றது துவக்கின் மற்றப் பக்கம்.

இரண்டாவது: "மலைகளின் மேல் மூடுபனி மெல்லப் படர, தூரத்தில் மாட்டு மணிகள்"

பொய். மூடுபனி இல்லை, நாலு நாளாக மழை. மாடுகளையும் செப்ரெம்பரிலேயே கீழே இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது: "பென்ஜமினுக்கு ஐந்து நாளில் ஒரு துவக்குத் தேவைப்பட்டது."

இது விழாமல் நின்றது. ஆகவே இனி 'அவன்'. பென்ஜமின் என்பது நீதானே என்று கேட்டால், ஓம். ஆனால் 'அவன்' என்று எழுதும்போதுதான் அவனுடைய பிழைகள் என் கண்ணில் படுகின்றன.

2

பென்ஜமினுக்கு ஐந்து நாளில் ஒரு துவக்குத் தேவைப்பட்டது. காரணம், அவன் தன் கையால் நட்ட மரக்கன்றுகள்.

அவன் ஒரு தனியார் காட்டில் வேலை செய்தான். இரண்டு வசந்தங்களாக ஒரு செங்குத்துச் சரிவில் தேவதாருக் கன்றுகளை முழங்காலில் நின்று நட்டான். மலையாடுகள் வந்து அவற்றின் குருத்துகளை ஒன்று விடாமல் கடித்துவிட்டுப் போயின. காட்டுக்குப் பொறுப்பான ஹெர் மோஸ்மன், திங்கட்கிழமை காலை அவனைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு ஒரேயொரு நிரந்தர இடந்தான் உண்டு. கன்றும் நடவேண்டும், அதைத் தின்ன வரும் ஆட்டையும் சுடவேண்டும், அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் அந்த இடம். சனிக்கிழமை காலை சொந்தத் துவக்கோடு, ஊரார் சுட்டுப் பழகும் பழைய கல்லுக்குழிக்கு வரட்டும். இருநூறு மீற்றர், ஐந்து குண்டு, பதினைந்து சென்ரிமீற்றர் வட்டம். நான்கு உள்ளே விழவேண்டும்.

இருநூறு ஏன் என்றால், சரிவுக்கும் ஆள் நிற்கக்கூடிய இடத்துக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. கிட்டப் போக வழியில்லை.

அவர்கள் இருந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். நேசமலரும் பதினான்கு மாதக் குழந்தை லவினியாவும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

[அவனுக்குச் சட்டமாவது வழிகாட்டும் என்று கொப்பியின் முன்பக்கத்தைப் புரட்டினேன். மலையாட்டுக்குக் குண்டின் விட்டம் ஆறரை மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, நூறு மீற்றரில் இரண்டாயிரம் ஜூல் வலு இருக்கவேண்டும். பிறகு கடையில் பார்த்த மூன்று துவக்குமே இதில் தேறின. சட்டம் கையை விரித்துவிட்டது.]

3

திங்கள் பின்னேரமே ஸ்டுட்கார்ட்டிலிருந்து லக்ஸன் ரெலிபோன் எடுத்தான். லக்ஸன் நேசமலரின் தம்பி. மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. எந்தப் பொருளானாலும் பெரிதாக வாங்கவேண்டும் என்பது அவன் கொள்கை.

"அத்தான், சின்னத் துவக்கோடை போனியளெண்டா ஆடு சிரிக்கும்."

"நீ எப்பவாவது சுட்டிருக்கிறியே?"

"சுட்டதில்லை. ஆனா சிரிப்பு வாங்கியிருக்கிறன்."

[இந்தக் கடைசி வரியை லக்ஸன் சொன்னானா, நான் சேர்த்தேனா என்று இப்போது நிச்சயமில்லை. இருக்கட்டும். அவனைக் கோமாளியாக்கிவிட்டேனோ என்றும் சந்தேகம். ஏழு பேருக்கு விண்ணப்பம் நிரப்பி வேலை எடுத்துக் கொடுத்தவன் அவன். அது இந்தக் கதைக்குள் வர இடமில்லை.]

செவ்வாய்க்கிழமை பென்ஜமின் துவக்குக் கடைக்குப் போனான். கடையை நடத்துபவள் ஃப்ராவ் ஹூபர், துவக்குச் செய்வதிலும் திருத்துவதிலும் மாஸ்டர் பட்டம் எடுத்தவள். பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்றை எடுத்து வைத்தாள். மூன்றும் ஒரே வகை. ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளிப் பூட்டவேண்டும்.

முதலாவது மக்னம், பெரிய தோட்டா, பெரிய உதை, லக்ஸனின் மனதுக்கேற்றது. மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை மாற்றக்கூடிய தொலைநோக்கி. கடைக்குப் பின்னாலிருந்த நூறு மீற்றர்ச் சுடுகூடத்தில் மூன்று வெடி வைத்தான். மூன்றாவது வெடிக்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடுகிறவனுக்குப் பன்னிரண்டு மடங்கு எதற்கு? அதைத் துணியில் திருப்பி வைத்தான்.

இரண்டாவது பழையது, 7x64 என்ற அளவுத் தோட்டாவுக்கானது. அதில்தான் நான் பிழையாக எழுதிய தொலைநோக்கி இருந்தது. இதமான உதை. நூறில் நாலு சென்ரிமீற்றர் மேலே பிடிக்கும்படி திருகிவைத்தால் இருநூறில் மூன்று விரல் தாழும், முந்நூறில் ஒன்றரைச் சாண். முந்நூறில் சுடவே கூடாது என்று அங்கேயே எழுதிக்கொண்டான். துவக்கு அவனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் தொலைநோக்கிக்குள் ஒரு கறுப்புப் பிறை வந்து வந்து போனது. கழுத்தைத் துவக்குக் கட்டையின் மேலாக வளைத்து வளைத்துத் தேடினான்.

ஃப்ராவ் ஹூபர் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் ஒரு சின்ன முக்கோணம் பிடித்து, அதனூடாகக் கதவுக் குமிழைப் பார்க்கச் சொன்னாள். இடக்கண்ணை மூடு என்றாள். குமிழ் மறைந்தது. வலக்கண்ணை மூடு என்றாள். குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. அவனுக்குக் குறிபார்க்கும் கண் இடது. நீ இடக்கைக்காரனா என்று கேட்டாள்.

இல்லை, வலது என்றான் பென்ஜமின். யோசிக்காமல், உடனே.

அவள் மூன்றாவதைக் காட்டினாள். யாரோ ஒரு பல்வைத்தியர் சொல்லிச் செய்வித்துவிட்டு எடுக்க வராதது. இரண்டரையிலிருந்து பத்து மடங்கு, கைப்பிடி இடப்பக்கம். அவன் அதைத் தொடவில்லை. பழையதைச் சனிக்கிழமைவரை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

[இந்த இடத்தில் முதல் பிரதியில் ஃப்ராவ் ஹூபர் ஒரு நல்ல வசனம் பேசினாள்: "துவக்கைத் தேர்ந்தெடுக்கிறவன் முதலில் தன்னை" என்று தொடங்கும். அவள் அப்படி ஒன்றும் பேசவில்லை. அவளுக்குத் தடிமன். மூக்கைச் சிந்தினாள், வியாழன் கல்லுக்குழிக்கு இரண்டையும் கொண்டு வருகிறேன் என்றாள், அவ்வளவுதான்.]

4

அவன் இடக்கைக்காரன்தான்.

மன்னாரில், பேசாலையில், ஐந்து வயதுவரை இடக்கையால்தான் எல்லாம். சாப்பாட்டு நேரம் தாய் அந்தக் கையைத் துவாயால் இடுப்போடு கட்டிவிடுவா. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அடிமட்டத்தால் மணிக்கட்டில் தட்டுவா. மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டும்போது எது மேலே, எது கீழே என்று இன்றைக்கும் ஒரு கணம் யோசிப்பான். சோற்றுக்கை வலது, மற்றது கழுவுகிற கை. அதைக்கொண்டு ஒன்றைக் கொடுத்தாலும் மரியாதை இல்லை, வாங்கினாலும் இல்லை. இருபத்தொன்பது வயதில், ஜேர்மன்காரியின் முன்னால், இரண்டாயிரம் ஜூல் வலுவுள்ள துவக்கை அந்தக் கையில் வாங்கவா?

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் நேசமலரிடம் சொன்னான். துவக்கு முடிவாகிவிட்டது என்று தொடங்கி, முக்கோணத்தில் வந்து மாட்டிக்கொண்டான். அவள் சிரித்தாள்.

"துவக்காலை சோறு தின்னப்போறியளே?"

அவன் வலக்கையால் சோற்றைப் பிசைந்தான்.

"நீங்கள் கோடாலி எந்தக் கையாலை பிடிக்கிறியள் எண்டு நான் ஜன்னலாலை பாக்கிறனான். ஆள் வந்தா மாத்திறியள்."

5

வியாழக்கிழமை, கல்லுக்குழி, மழை. ஐந்தைந்தாக இருபது குண்டு ஒன்றில், இருபது மற்றதில். வட்டத்துக்குள் விழுந்தவை:

வலது: நான்கு, நான்கு, நான்கு, நான்கு.
இடது: இரண்டு, மூன்று, ஐந்து, மூன்று.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். கேட்டது நான்கு, வலது ஒவ்வொரு தடவையும் நான்கு. எழுதுகிறவனுக்கும் சுடுகிறவனுக்கும் அதைவிட வசதியான எண் கிடையாது.

ஆனால் பென்ஜமின் கடதாசிகளைக் கழற்றிவந்து காரின் முன்மூடியில் விரித்து அளந்தான். இடது தவறவிட்டவை வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு விரல், இரண்டு விரல். மலையாட்டின் நெஞ்சு அந்த வட்டத்தைவிட அகலம். கடதாசியில் அவை பிழை, மலையில் பிழையில்லை. வலது தவறவிட்டவை வேறு மாதிரி. ஒவ்வொரு ஐந்திலும் ஒரு குண்டு இரண்டு சாண் தள்ளி, கீழே. ஐந்தில் நாலு குண்டை வலக்கண் பொறுத்துக்கொள்கிறது, ஏதோ ஒன்றில் களைத்ததும் இடக்கண் பார்வையைப் பறித்துவிடுகிறது. அது எத்தனையாவது குண்டில் நடக்கும் என்று சொல்ல ஏலாது. அந்த இடத்தில் ஆட்டுக்கு நெஞ்சு இல்லை. வயிறு இருக்கிறது.

வயிற்றில் பட்ட ஆடு விழாது. பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடும். சாக இரண்டு நாள் எடுக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த வரியின் கீழ் அவன் அன்றே இரண்டு கோடு இழுத்திருந்தான்.

[கேள்வி வரும்: வலதால் தேர்வில் தேறிவிட்டு, பிறகு இடதை வாங்கினால் என்ன? ஏலாது. சனிக்கிழமை காட்டுகிற துவக்கின் இலக்கத்தை மோஸ்மன் பதிந்துகொள்வார், அதோடுதான் மலைக்குப் போகலாம். இரண்டு துவக்கு வாங்குகிற ஆட்களும் நாங்கள் அல்ல.]

ஆகவே கணக்கு இப்படி: வலது வீட்டைக் காப்பாற்றும், ஐந்தில் ஒரு ஆட்டை வயிற்றில் சுடும். இடது ஆட்டைச் சரியாகச் சுடும், வீட்டைக் காப்பாற்றுமா தெரியாது. நான்கு முறையில் ஒரு முறைதான் தேறியது.

பென்ஜமின் கடதாசிகளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அப்போது அவன் மனதில் இருந்த எண்ணம்

6

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது நேசமலர் லவினியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கொப்பியை இழுத்து வாசித்தாள். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

"நான் சிரிக்கேல்லை," என்றாள்.

சிரித்தாய் என்றேன்.

"சிரிக்கேல்லை. எழுதினா ஒழுங்கா எழுதுங்கோ."

[சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். இரண்டையும் விட்டுவைக்கிறேன்.]

பிறகு கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தாள். குழந்தை பேனாவைப் பறிக்கப் பார்த்தது. நாளைக்குத் தவறினால் டிசம்பரில் பெட்டி கட்டவேண்டி வரும் என்று சொன்னேன். அது எழுதியிருக்குத்தானே என்றாள். அப்படியானால் எதை வாங்க என்று கேட்டேன். லவினியாவை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"வீடு போனா வேறை வீடு பாப்பம். நாங்கள் பாக்காத வீடே. வயித்திலை வெடியோடை ஒண்டு ஓடினா, நீங்கள் வந்து இந்த மேசையிலை இருந்து சாப்பிடமாட்டியள். எந்தக் கையாலையும்."

கடை ஆறு மணிக்குப் பூட்டும். இப்போது மூன்றே முக்கால். பேனாவை வைக்கிறேன்.

[ஒன்றே முக்கால் மணி நேரம்.]

போய் வந்துவிட்டேன். இடதை வாங்கினேன். ஃப்ராவ் ஹூபர் ஒன்றும் கேட்கவில்லை. என் புருவத்துக்கும் தொலைநோக்கியின் பின்விளிம்புக்கும் இடையை அளந்து, ஒன்பது சென்ரிமீற்றர் வரும்படி நகர்த்தித் திருகினாள். கிட்ட வந்தால் உதையில் புருவம் கிழியும். பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்கும்போது பேனாவை வலக்கையில்தான் பிடித்தேன். அது அப்படியே இருக்கட்டும்.

துவக்கு அலுமாரியில், பூட்டும் பகுதி கழற்றி வேறு பெட்டியில். இரண்டு திறப்பும் என்னிடம்.

லக்ஸன் ரெலிபோன் எடுத்தான். இடப்பக்கத் துவக்கெல்லாம் விற்கிறாங்களே என்று அதிசயப்பட்டான். பெரிதா என்று கேட்டான். நடுத்தரம் என்றேன். ஆடு கொஞ்சம்தான் சிரிக்கும் என்று ஆறுதல் சொன்னான்.

7

இனிக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஐந்தும் வட்டத்துக்குள். மோஸ்மன் தொப்பியைக் கழற்றுகிறார். அரைப்பக்கம் எழுதியபின் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை. கிழித்தேன்.

(ஆ) மூன்று உள்ளே, இரண்டு விளிம்பில். மோஸ்மன் கைகொடுத்துவிட்டுப் போகிறார், டிசம்பரில் வாசலில் சாமான் ஏற்றுகிற லொறி. இதை எழுதுவது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால் நம்பவில்லை. முன்கூட்டியே அழுது வைப்பதும் ஒருவிதச் சோம்பல்தான்.

(இ) மூன்றுதான், ஆனாலும் மோஸ்மன் கடதாசியை அளந்துபார்த்து, பென்ஜமின் அளந்ததையே கண்டுபிடித்து,

இது வேண்டாம். மோஸ்மன் நீதியான மனிதர், அவர் சொன்னது நான்கு. என்னுடைய வசதிக்காக அவரை இளக வைக்க எனக்கு உரிமையில்லை.

ஆகவே முடிவு எழுதவில்லை. எழுதாமல் ஒளிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அது இன்னும் நடக்கவில்லை. இதை நீங்கள் வாசிக்கும் நாளில் அந்தச் சனிக்கிழமை எப்போதோ முடிந்திருக்கும், கடதாசியில் எத்தனை ஓட்டை என்பது யாருக்காவது தெரிந்திருக்கும். உங்களுக்கு ஒரு எண் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இரண்டு வரி விட்டிருக்கிறேன். எந்த எண் போட்டாலும் எந்தத் துவக்கு என்பதை மாற்ற ஏலாது. அதை மையால் எழுதிவிட்டேன்.



8

நாளை, சனி.

ஆறு மணிக்கு எழும்பல். தேத்தண்ணி மட்டும். கோப்பி குடித்தால் கை ஆடும்.
தொலைநோக்கியின் திருகுகள் நான்கையும் ஒருதரம் சரிபார்த்தல்.
வேட்டை அனுமதிப் புத்தகம், பற்றுச்சீட்டு, காதடைப்பு.
எட்டரைக்குக் கல்லுக்குழி. முதலில் இலக்கத்தைப் பதியக் கொடுத்தல்.
ஐந்து தோட்டா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று மூச்சு.