எட்டடிக்கு எத்தனை ஃபெர்மி

ரேவதி செய்யும் வேலை என்னவென்று உத்தனப்பள்ளிப் பக்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததில் தப்பும் இல்லை. வேலை கொடுத்தவர்களுக்கே அது எதற்கென்று விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். பெங்களூரில் ஒரு கம்பெனி இணையதளம் நடத்தியது. ஓர் அடிக்கு எத்தனை ஃபெர்மி, ஒரு கெஜத்துக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம், ஒரு மைலுக்கு எத்தனை பிளாங்க் நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். கணக்கை இயந்திரமே போட்டுவிடும். கணக்குக்கு மேலும் கீழும் நாலு பத்தி எழுதுவது ரேவதியின் வேலை. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஓசூரில் வண்டிக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றே கால் வீங்கி வீடு திரும்பியவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

ஃபெர்மி என்பது அணுவின் கருவை அளக்கிற அலகு. அதை வைத்துக்கொண்டு மைலை அளப்பவன் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் 'இந்த மாற்றம் அன்றாட வாழ்வில் எப்போது உதவும்' என்று ஒரு பத்தி கட்டாயம். ரேவதி கூசாமல் எழுதுவாள். கூசாமல் இருப்பதற்கு வீட்டிலேயே முன்மாதிரி இருந்தது; அதைப் பிறகு பார்ப்போம்.

"ஒரு அடிக்கு எவ்ளோ வருதும்மா?" என்று கேட்டார் அப்பா சென்னகிருஷ்ணன், ஒரு நாள் களி தின்றுகொண்டே.

"மூணு கோடி கோடிப்பா. அதுக்கும் கொஞ்சம் மேல."

"கோடி கோடியா! ஒரு அடிலயே அவ்ளோ இருந்தா அப்புறம் ஏன் ஜனங்க ஒரு அடிக்கு வெட்டிக்கிட்டு சாவறாங்க?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சரோஜம்மாள் சிரிக்கவில்லை.

சென்னகிருஷ்ணனின் நிலம் கிழக்கு மேற்காக நீண்ட ஒரே பட்டை. தக்காளிதான் பிரதானம்; பறித்த பெட்டிகள் ராயக்கோட்டை மண்டிக்குப் போகும். நிலத்துக்கு உயிர் அந்தக் கிணறு. சுற்றுவட்டாரத்தில் போர் போட்டவர்கள் எல்லாம் ஆயிரம் அடிக்குக் கீழே புழுதியைப் பார்த்துவிட்டு, நிலத்தை பிளாட் போட விற்றுவிட்டு, அதே நிலத்தில் எழுந்த ஷெட்டுகளுக்கு வாட்ச்மேனாகப் போனார்கள். சென்னகிருஷ்ணனின் கிணறு மட்டும் எந்தக் கோடையிலும் அடித்தண்ணீர் காட்டாமல் இருந்ததில்லை. கிணறு இருக்கிறவரை அவர் விவசாயி. கிணறு போனால் அவரும் அறுபத்தைந்து வயதில் ஒரு கேட்டுக்கு வாட்ச்மேன், அவ்வளவுதான்.

அந்தக் கிணற்றில் கிழக்கு நிலத்துச் சென்னம்மாவுக்கும் முறைத்தண்ணீர் உண்டு. சென்னம்மா, பங்காளி வீட்டு மருமகள். புருஷன் செத்து முப்பது வருஷம் ஆகிறது. சென்னகிருஷ்ணனைப் பாவா என்று முறை வைத்துக் கூப்பிடுவாள். வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் அவளுக்கு ஓடும். இவர் ஒரு வார்த்தை கணக்குப் பேசியதில்லை. ஊரே அவரைத் தர்மராஜா என்றது.

தர்மராஜாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு போகத்துக்கும் உழவு முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு வரப்பைக் கழிக்கப் போவார். புல்லைச் செதுக்குவதுதானே வரப்புக் கழிப்பது? இவர் தன் பக்கம் இரண்டு விரல்கடை மண்ணையும் சேர்த்துச் செதுக்கி, அந்த ஈரமண்ணை அள்ளி வரப்பின் மறுபக்கம் அணைத்துத் தட்டிவிடுவார். பார்க்கிறவனுக்கு வரப்பு அதே அகலத்தில் அதே இடத்தில் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஒரு போகத்துக்கு இரண்டு விரல்கடை, அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே கல் தேயவில்லை, நடந்தது. வரப்பு நகர்ந்து நகர்ந்து, எல்லைக்கல் தனியே இவர் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டு முழித்தபோது, ஒரு மழைக்காலத்தில் அதையும் பிடுங்கி வரப்போடு சேர்த்து நட்டுவிட்டார். சென்னம்மா களத்தில் நின்று பார்த்தாள். மறுநாள் அவளுக்கு மோட்டார் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஓடியது. பேசாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. மண் அவருக்கு, தண்ணீர் அவளுக்கு.

தொழிற்பேட்டைக்கு ரோடு வருகிறது என்று பேச்சு எழுந்தபோது ஊரே பட்டாவைத் தேடி எடுத்தது. கிராம அலுவலகச் சுவரில் வரைபடம் ஒட்டினார்கள். ரேவதி போய்ப் பார்த்து, போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். கிழக்கு எல்லைக்கல்லிலிருந்து முந்நூறு அடி அவர்களுக்கு. அதற்கு மேற்கே உள்ளது ரோட்டுக்கு.

"கெணறு தப்பிச்சிக்கிச்சுப்பா. ரோடு மூணு அடி தள்ளிப் போவுது."

"மூணு அடிதானா?"

"மூணு அடின்னா ஒம்போது கோடி கோடி ஃபெர்மிப்பா. பயப்படாதீங்க."

அன்றைக்குத்தான் அந்தப் பாழும் எண் ஒருவருக்கு உண்மையிலேயே ஆறுதல் தந்தது. சென்னகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்தார். ஆட்சேபணை மனு கொடுக்க ஊரே கிருஷ்ணகிரிக்கு வேன் வைத்துப் போனபோது இவர் போகவில்லை. மேற்கே போகிற நிலம் போகட்டும், கிணறு இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

பிறகு ஒரு காலையில் சர்வேயர் வந்தார். கையில் ஆள் உயரக் கம்பு, கம்பின் தலையில் கருவி.

"கிழக்கு எல்லைக்கல் எதுங்க பெரியவரே?"

சென்னகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். முப்பது வருஷம் செதுக்கிச் சேர்த்த மண்ணுக்கு சர்க்கார் முத்திரை விழப்போகிறது என்ற நினைப்பு அவருக்கு. வரப்பின் முனையில் நின்ற கல்லைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் சார். எங்கப்பன் காலத்துக் கல்லு."

"நிச்சயமா? இத வெச்சித்தான் எல்லாம் அளப்போம்."

"கல்லு என்னா சார், நடந்தா போவும்?"

சர்வேயர் அந்தப் பக்கம் நின்ற சென்னம்மாவைப் பார்த்தார். "நீங்க பக்கத்து நெலமா? ஒத்துக்கறீங்களா?"

சென்னம்மா கல்லைப் பார்த்தாள். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் முறை. "ஆமா சாமி, இதே கல்லுதான்" என்றாள். கம்பு கல்லின் மேல் ஏறி நின்றது.

மாதங்கள் போயின. ரேவதி ஃபர்லாங்கை முடித்து, கடல்மைலுக்கு வந்திருந்தாள். சிவப்பு வர்ணம் பூசிய கற்களை லாரியில் கொண்டுவந்து வரிசையாக நட்டுக்கொண்டு போனார்கள். சென்னகிருஷ்ணன் நிலத்தில் நட்ட கல், கிணற்றின் நடுவுக்கு நேராக வாயோரம் நின்றது. ரோடு கிணற்றின் பாதி வாயைக் கடித்துக்கொண்டு போனது. பாதிக் கிணறு என்று உலகத்தில் ஒன்று உண்டா? மூடத்தான் போகிறார்கள்.

ரேவதி டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். வரைபடத்தில் கிணற்றுக்கு மூன்றடி வெளியே இருந்த கோடு, மண்ணில் கிணற்றுக்கு ஐந்தடி உள்ளே கிடந்தது. மூன்றும் ஐந்தும் எட்டு. இந்த எட்டு எங்கிருந்து வந்தது? சர்வேயர் தப்பா, கருவி தப்பா என்று அவள் கிழக்கு எல்லைக்கல்லிலிருந்து மறுபடி அளந்தாள். முந்நூறு அடி இம்மி பிசகாமல் வந்தது. அப்படியானால் தப்பு டேப்பின் அந்த முனையில் இல்லை, கல் இருந்த இந்த முனையில்.

அவள் வீட்டுக்கு வந்து கேட்டபோது சென்னகிருஷ்ணன் காலால் மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் தள்ளினார். சரோஜம்மாள்தான் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"எட்டு அடிதான? உங்கப்பன் மம்மட்டியக் கேளு. அதுக்குத் தெரியும்."

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. ரேவதிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. மனசு தன் தொழிலைச் செய்தது. எட்டு அடி என்றால் இருபத்து நான்கு கோடி கோடி ஃபெர்மி. ஒரு விரல்கடை என்றால் இருபது லட்சம் கோடி. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது; வந்தபோது அழுகையாக வந்தது.

"திருடுன மண்ணாலயே கெணத்தப் பொதைச்சிட்டீங்களேப்பா. பழைய கல்ல காட்டியிருந்தா கெணறு நின்னிருக்கும்."

"தெரியாம போச்சும்மா" என்றார். எது தெரியாமல் போயிற்று என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று மாலை சென்னகிருஷ்ணன் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சென்னம்மா வாசலில் போய் நின்றார். கல்லைத் தள்ளி நட்டது தான்தான் என்று அதிகாரி முன்னால் சொல்லப்போவதாகவும், அவளும் வந்து ஆமென்று சொன்னால் கிணறு பிழைக்கும் என்றும் சொன்னார். முப்பது வருஷமாகக் கையை விட்டுப் போன மண் திரும்பி வருகிறது; அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சென்னம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கே நானும் வாயத் தொறந்திருக்கணும் பாவா. மோட்டார நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

மறுநாள் மூவரும் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் ரேவதிக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. உண்மையைச் சொல்லப் போகிறோம், இரண்டு தரப்பும் ஒத்துப்போகிறது, கணக்கும் சரியாக வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதிகாரி நல்ல மனுஷர். திட்டவில்லை. நாற்காலி போடச் சொல்லி, முழுவதையும் கேட்டு, இருவர் சொன்னதையும் எழுதி கையெழுத்து வாங்கிக்கொண்டார். ரேவதி போட்ட கணக்கையும் பார்த்தார்.

"கணக்கு சரிம்மா. எட்டடி பெசகுதான். ஆனா உங்க கல்ல வெச்சித்தான் அடுத்த நெலத்துக்குக் கோடு போச்சி, அத வெச்சி அதுக்கு அடுத்தது. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து முடிஞ்சிது. பாலத்துக்குத் தூண் போட்டாச்சி. ஆட்சேபணைக்கும் நாள் முடிஞ்சி போச்சி. அன்னைக்குச் சொல்லியிருந்தா இது எட்டு அடி. இன்னைக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் ரோடு. நான் எத மாத்தறது?"

ரேவதி தன் கணக்குத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். இந்த மாற்றத்துக்கு அவளுடைய இணையதளத்தில் பக்கம் இல்லை.

"அப்ப இந்தக் கையெழுத்து?" என்று சென்னகிருஷ்ணன் கேட்டார்.

"அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள எல்லைக்கு. அத திருத்திடுவாங்க. எட்டடி அந்தம்மாவுக்குப் போயிடும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன" என்றார் சென்னகிருஷ்ணன். சென்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டிப்பர் லாரிகள் வந்தன. எங்கிருந்தோ உடைத்த மலையைக் கொண்டுவந்து கிணற்றில் கொட்டின. முதல் லோடு விழுந்தபோது தண்ணீர் அலறிக்கொண்டு மேலே எழுந்தது. நாலாவது லோடுக்குச் சத்தமே இல்லை. சரோஜம்மாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நின்ற தக்காளிச் செடிகள் ஒரு வாரம் பச்சையாக நடித்துவிட்டுக் காய்ந்தன.

ரேவதி வேலையை விடவில்லை, விட முடியாது. இனி வீட்டில் அது ஒன்றுதான் ஓடுகிறது. அன்று அவளுக்கு வந்தது அடி, ஃபெர்மி பக்கத்தைத் திருத்தி எழுதும் வேலை. 'அன்றாட வாழ்வில் எப்போது உதவும்' என்ற பத்திக்கு வந்ததும் கை நின்றது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சென்னகிருஷ்ணன் கிழக்கு வரப்பில் குனிந்து நின்றிருந்தார், கையில் மண்வெட்டி. சென்னம்மா மறுபக்கம் நின்றிருந்தாள். வரப்பை அவர் திரும்ப மேற்கே கொண்டுவந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை செதுக்குவார், அள்ளுவார், இந்தப் பக்கம் அணைப்பார்.

"ஒரேடியா வெட்டிப் போட்டு எட்டடி தள்ளிக் கட்டுங்கப்பா. இப்பிடிப் பண்ணா என்னிக்கு முடியும்?"

"கை அதுக்கு மேல வர மாட்டேங்குதும்மா" என்றார். "பழகிப்போச்சி."

"வுடு பாவா" என்றாள் சென்னம்மா. "தண்ணி இல்லாத எட்டடிய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்கிட்ட இருக்கிறதுலயே ரொம்பச் சின்ன அளவு ஒண்ணு சொன்னியே. அதுல மாத்துனா இந்த எட்டடி கொறையுமா?"

"கொறையாதுப்பா. தூரம் அதேதான். எண்ணுதான் பெருசாவும்."

தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். செதுக்கிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி இந்தப் பக்கம் அணைத்துத் தட்டினார். அது நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்து அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி அள்ளி அணைத்தார், மறுபடி உதிர்ந்தது. வரப்பு நிற்க ஈரம் வேண்டும். பழக்கதோஷத்தில் சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து, "சென்னம்மா, ஒரு கொடம் தண்ணி கொண்டா" என்றார்.