ஜெனரேட்டர் பக்கத்துக் கடை

தங்கையின் போட்டோவுக்கு ஃப்ரேம் போடலாம் என்று உட்கார்ந்தால், கடையில் மிச்சமிருந்த மரச்சட்டம் எல்லாமே தங்கப் பூச்சு. ஃப்ரேம்காரர் ஒரு துண்டை எடுத்து அளந்தார். அளந்த வேகத்திலேயே அதைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

"மெதுவா மச்சான்," என்றார் வாசற்படியில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன். பஸ் டிரைவர். நேற்றுப் போட்ட யூனிஃபார்ம் சட்டையை இன்னும் கழற்றவில்லை. "ஏதோ ஒண்ணு போடுங்க. அவளா வந்து பாக்கப் போறா?"

"இது வேணாம்."

"ஏன்?"

ஏனா? கோடைக் கலைச் சந்தைக்கு வந்திருக்கும் விருந்தினர் ஓவியருக்காக, சந்தைக் குழு சொல்லி, நேற்று மதியம் மூச்சுவிடாமல் அடித்துக் கொடுத்த ஃப்ரேம்களின் மிச்சம் அது. அந்த ஓவியருக்கு மரத்தடி வரிசையில் முதல் இடம். பதினெட்டு வருஷமாக அதே சந்தையில் கடை போட்ட தங்கைக்கு ஜெனரேட்டர் பக்கத்தில், தார் ரோட்டின் மேல், மறைப்புக்கு ஒரு துணிகூட இல்லாத இடம். நேற்று இரண்டரை மணிக்கு அங்கேதான் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூலையில் பழைய கதவை உடைத்த பலகை கிடந்தது. அதை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணுதான் மச்சான் எனக்குப் புரியல," என்றார் டிரைவர். "தலை சுத்துதுன்னு பக்கத்துக் கடைக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கா. நான் வண்டி ஓட்டறப்ப போனை எடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். சரி. உங்களுக்காவது ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

ஃப்ரேம்காரரின் உதட்டுக்கு நடுவே நாலு ஆணி இருந்தது. வாயில் ஆணி இருக்கிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவர் ஒவ்வொரு ஆணியாக எடுத்து அடித்தார். வேண்டுமென்றே மெதுவாக அடித்தார்.

கடைக்கு மேலே மாடி வீட்டில் பாப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஐம்பத்து மூன்று வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வருஷத்தில் இந்தப் பத்து நாள் சந்தைதான் அவளுக்கு உயிர். வரைந்ததெல்லாம் செருப்பு. ஆஸ்பத்திரி வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, வாடகை வீட்டு மாடிப்படியில் கிடக்கும் செருப்பு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் குழந்தைகளின் செருப்பு.

"வேற எதுவும் கிடைக்கலியாடி உனக்கு?" என்று அண்ணன் கேலி செய்வார்.

"மூஞ்சிய வரைஞ்சா, நான் இப்படியா இருக்கேன்னு சண்டைக்கு வர்றாங்கண்ணே. செருப்பு சண்டைக்கு வராது."

சந்தையில் ஒரு விதி உண்டு. கடையில் ஓவியர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அவர் குடும்பத்து ஆள் உட்கார வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் இல்லையென்றால் தொண்டர்கள் வந்து நம்பர் அட்டையைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த வருஷம் கேட்டாலும் கிடைக்காது. மொத்த வியாபாரிகள் கூலிக்கு ஆள் உட்காரவைத்துச் சந்தையைப் பிடித்துவிடக் கூடாது என்று வைத்த விதி. பாப்பாவே கூட்டத்தில் கை தூக்கி ஆதரித்த விதி.

பத்து மணிக்குச் சந்தைச் செயலாளர் மலர் வளையத்தோடு வந்தார். கழுத்தில் சந்தையின் அடையாள அட்டை தொங்கியது. சாவு வீட்டுக்கு வரும்போதாவது அதைக் கழற்றி வைத்திருக்கலாம். மாடிக்குப் போய் வளையத்தை வைத்துவிட்டு, கீழே கடைக்கு வந்தார்.

"எங்க குடும்பத்துல ஒருத்தர் போன மாதிரி இருக்கு சார்," என்றார். "குழுவில ஒரு முடிவு எடுத்திருக்கோம். மேடம் படங்களை இன்னிக்கே மரத்தடி வரிசைக்கு மாத்தறோம். முதல் இடம். விருந்தினர் ஓவியரே பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்துட்டார். சாயங்காலம் மேடையில ஒரு நிமிஷம் மௌனம். நீங்களே நல்ல ஃப்ரேமா போட்டுக் குடுத்தீங்கன்னா..."

"எந்த இடம்?"

"மரத்தடி சார். நல்ல நிழல்."

"மூணு வருஷமா எழுதி எழுதிக் கேட்டாளே, அந்த நிழலா?"

"அதுக்குக் காரணம் என்னன்னா..."

"காரணம் எனக்குத் தெரியும்யா! செருப்புப் படத்தை முன்னாடி மாட்டினா வர்றவங்க முகம் சுளிப்பாங்கன்னு சொன்னது நீதானே? இப்ப சுளிக்க மாட்டாங்களா? ஆள் செத்ததும் செருப்பு மணக்குதா?"

மாடிப்படியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஃப்ரேம்காரருக்கு யார் பார்த்தாலும் கவலையில்லை.

"ஒரு குடை குடுத்தீங்களா? ஒரு தட்டி கட்டினீங்களா? அந்த ஜெனரேட்டர் கக்கற சூட்டுல நாற்காலியைப் போட்டு நீ கால் மணி நேரம் உக்காரு, பாக்கலாம். நிழலாம், பெரிய நிழல்! செத்தாத்தான் நிழல் கிடைக்கும்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமே!"

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். வீட்டு ஆளுங்க யாராவது வந்து ஒரு அரை மணி நேரம் மாத்திவிட்டிருக்கலாம். நாங்க அதைத் தடுக்கலியே."

ஃப்ரேம்காரரின் கை சுத்தியலைப் பிடித்துவிட்டது. டிரைவர் எழுந்து வந்து மணிக்கட்டைப் பற்றினார். பற்றியிருக்க வேண்டியதே இல்லை. அந்த ஆள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நிச்சயம் ஓங்கியிருப்பார். பொய் இல்லை என்பதால் கை தானாகவே தளர்ந்து போனது.

"போங்க சார், அப்புறம் பேசிக்கலாம்," என்று டிரைவர் செயலாளரை அனுப்பி வைத்தார்.

உச்சி வெயிலில் பாப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். நேற்று அடித்த அதே வெயில். மயானத்தில் யாரோ ஃப்ரேம்காரரின் தலைக்கு மேல் குடையை நீட்டினார்கள். வெடுக்கென்று தட்டிவிட்டார். "பாவம், தங்கச்சி மேல உசுரு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்தபோது மூன்று மணி. உறவுக்காரர்கள் மாடியில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். டிரைவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே பிரஷ்கள், காலித் தண்ணீர் பாட்டில், சார்ஜ் தீர்ந்த போன். ரம்ப மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போனைச் சொருகினார்.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் சொல்லணும். நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு," என்றார். "பாஸ்வேர்ட் எங்க கல்யாண வருஷம். நான் மறந்துடக் கூடாதுன்னே வச்சா."

கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. ஃப்ரேம்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பலகை ஃப்ரேமுக்குள் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம். அதற்குள் சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"மாப்பிள்ளை."

"ம்."

"எனக்குத்தான் போன் பண்ணா."

டிரைவர் நிமிர்ந்தார்.

"ஒண்ணே முக்காலுக்கு. அண்ணே, தலை சுத்துது, அரை மணி நேரம் வந்து உக்காரு, எங்கயாவது நிழலாப் பாத்துப் படுத்துட்டு வந்துடறேன்னா. கையில வேலை இருக்கு, நாலு மணிக்கு வரேன்னுட்டேன்." அவருக்குக் குரல் கிறீச்சிட்டது. "என்ன வேலை தெரியுமா? அந்தத் தங்கச் சட்டம். அவ இடத்தைப் புடிச்சவனுக்கு ஃப்ரேம். அவ திட்டியிருக்கலாம் மாப்பிள்ளை. நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். 'சரிண்ணே'ன்னுட்டு வச்சுட்டா. காலையில அந்த ஆளைப் புடிச்சு அந்தக் கத்து கத்தினேனே, எனக்கு வெக்கமே இல்ல. என்னை நாலு அறை விடுங்க."

போன் உயிர் வந்து கிணுங்கியது. டிரைவர் அதை எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"இப்ப மணி மூணேகால்," என்றார்.

"மாப்பிள்ளை..."

"நாலு மணிக்கு வரேன்னுதானே சொன்னீங்க? போங்க."

அறைந்திருந்தால் தேவலை. ஃப்ரேம்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்.

சந்தையில் கூட்டம் நெரிந்தது. மேடையில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மரத்தடி வரிசையின் முதல் இடத்தைக் காலி பண்ணி, கறுப்பு ரிப்பன் கட்டி, பாப்பாவின் பெயர் எழுதிய பலகை வைத்திருந்தார்கள். பெரிய நிழல். காற்றுகூட வந்தது. அவர் நிற்காமல் கடந்து போனார்.

ஜெனரேட்டர் சத்தத்தில் காது அடைத்தது. தார் இளகியிருந்தது. பாப்பாவின் மேசை மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. நாற்பத்தொன்றாம் நம்பர் அட்டை இன்னும் தொங்கியது. நேற்றுக் களேபரத்தில் கழற்ற மறந்திருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் காதணி விற்கும் அம்மா எழுந்து வந்தாள்.

"நான்தாண்ணே மூடி வச்சேன். நேத்து நான் உக்கார்றேன், நீ போய்ப் படுன்னு சொன்னேன். நீ குடும்பம் இல்லையேக்கா, அட்டையைக் கழட்டிடுவாங்க, எங்கண்ணன் வருவாருன்னா."

 ஃப்ரேம்காரர் போர்வையை மடித்து வைத்தார். படங்களை வரிசையாக நிமிர்த்தினார். மடக்கு நாற்காலி சுட்டது. உட்கார்ந்தார்.

நாலு மணிக்குத் தொண்டர் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். "இந்தப் படமெல்லாம் மரத்தடிக்கு மாத்தணும்னு சொன்னாங்களே சார்?"

"மாத்த வேணாம். இன்னும் எட்டு நாளும் இங்கதான்."

"அப்ப கடையில யாரு?"

"நான்தான்."

"குடும்பமா சார்? என்ன உறவுன்னு எழுதணும்."

"அண்ணன்."

அவள் எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அவர் தன் காலை உள்ளே இழுத்தபோது ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில், வெயில் விழுந்த பக்கமாக, ஒரு ஜோடி செருப்பு. வேலை செய்யும்போது பாப்பா கழற்றிப் போட்டது. வலது குதிகால் நன்றாகத் தேய்ந்திருந்தது. கையில் எடுத்தார். சுட்டது. மேசையின் நிழல் ஒரு சாண் அகலத்துக்குத்தான் விழுந்திருந்தது. தன் காலை வெயிலுக்கு நகர்த்திவிட்டு, இரண்டையும் அந்த நிழலில் சேர்த்து வைத்தார்.